ஐந்தாம் வகுப்பின் ஒரு வாரம்

ஐந்தாம் வகுப்பறையின் சுவரிலே நேரசூசி ஒன்று தொங்குகிறது. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், ஆங்கிலம், இரண்டாம் மொழியாகச் சிங்களம் எனத் திங்கள் முதல் வெள்ளிவரை பாடங்கள் அதிலே வகுக்கப்பட்டிருக்கின்றன. அதனைக் காண்பவர், இந்நாட்டின் பத்து வயதுப் பிள்ளை வாரந்தோறும் எத்துணை விரிந்த உலகைக் கற்கிறது என்று வியத்தல் கூடும். அந்நேரசூசி மெய்யாகவே நடைபெறும் வாரங்கள் எத்தனை என்பதை ஆசிரியராகிய நாமே அறிவோம்.

புலமைப் பரிசில் பரீட்சை நெருங்க நெருங்கப் பாடங்கள் யாவும் தம் பெயரை இழந்துவிடுகின்றன. திங்களன்று மாதிரி வினாத்தாள். செவ்வாயன்று அதன் விடை. புதனன்று மற்றொரு வினாத்தாள். விதை முளைத்தலைக் கற்பிக்கும்போது, ஈரத் துணியிலே பயறு முடிந்துவைத்து இரண்டு நாள் காத்திருக்க எவருக்கும் பொறுமையில்லை. முளைத்தலுக்கு அவசியமற்றது எது என்ற வினாவும், அதற்குரிய விடையின் இலக்கமும் போதும். (ஒளி என்று சரியாகவே குறித்த பிள்ளையிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.) முதலாம் வினாத்தாளில் 40 வினாக்கள், நேரம் ஒரு மணித்தியாலம். வினாவொன்றுக்குக் கிடைக்கும் அந்த ஒன்றரை நிமிடத்துக்காகவே ஒரு பிள்ளையின் ஆண்டு முழுவதும் பலியிடப்படுகிறது.

இப்பரீட்சை பிறந்த நோக்கம் இழிவானதன்று. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளையை மத்திய கல்லூரிக்கு ஏற்றிவிடும் ஏணியாகவே அக்காலத்திற் புலமைப் பரிசில் கருதப்பட்டது. இன்றோ, நகரத்துப் பெரிய பாடசாலைகளில் இடம்பிடிக்கும் பொருட்டு வசதி படைத்தோரும் அதே ஏணியில் முண்டியடிக்கின்றனர். ரியூஷனுக்குப் பணம் கொடுக்க இயன்றவன் முதற்படியிலேயே முந்திவிடுகிறான். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்னர் இவ்வகுப்புகளைத் தடைசெய்து பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவித்தல் விடுக்க வேண்டியிருக்கிறது!

நாம் கற்பிப்பது மலையகத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில். 2025 ஓகஸ்ட் 10ஆம் திகதி பரீட்சை முடிந்தது. பரீட்சை முடிந்த ஐந்தாம் வகுப்பை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. வினாத்தாள் விற்பவர்கூட வருவதில்லை. அதன் பின்னர் எஞ்சிய வாரங்களிலேதான் நேரசூசி கூறியபடி கற்பிக்க எமக்கு வாய்த்தது.

ஒரு வாரம் கணிதத்தில் ‘நிறை’. கடையொன்றிலே தராசை இரவல் வாங்கி வந்து, கல்லையும் புத்தகத்தையும் நிறுத்துக்கொண்டிருந்தோம். அப்போது பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

“சேர், எங்கம்மா பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தா பதினாறுன்னுதான் எழுதுறாங்க. அந்த ரெண்டு கிலோ எங்க போகுது?”

வகுப்பு முழுவதும் ஒரே சமயத்தில் விடை சொன்னது. சாக்குக்குக் கழிப்பு, ஈரத்துக்குக் கழிப்பு. மாதிரி வினாத்தாள் எதற்கும் இவ்வளவு விரைவாக அப்பிள்ளைகள் விடை சொல்லி நாம் கேட்டதில்லை. வெறும் சாக்கைத் தராசில் வைத்தோம்; அரைக் கிலோவும் தேறவில்லை. ஈரம் எவ்வளவு என்றறிய இலைகளை நனைத்தும் உலர்த்தியும் நிறுத்தார்கள். பின்னர் நாளுக்கு இரண்டு கிலோ, மாதத்தில் இருபத்தைந்து நாள் எனப் பெருக்கி 50 கிலோ என்று கரும்பலகையில் எழுதியவள் அதே சிறுமிதான். எழுதிவிட்டு நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவ்வாரத் தமிழ்ப் பாடம் கடிதம் எழுதுதல். யாருக்கு எழுதலாம் என்று கேட்டோம். தோட்டத்துத் துரைக்கு என்றனர்.

செய்தி அலுவலகத்தை எட்டியது. இவையெல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கின்றனவா என்று எம்மிடம் வினவினர். நிறை, கழித்தல், பெருக்கல், கடிதம் எழுதுதல் ஆகிய நான்கும் இருக்கின்றன என்றோம். மேற்கொண்டு எவரும் பேசவில்லை. நான்காம் வகுப்புக்கோ அடுத்த ஆண்டுப் பரீட்சையின் மாதிரி வினாத்தாள்கள் அவ்வாரமே வந்து சேர்ந்தன.