பேர்ப் பொருத்தம் போதுமா?

நமக்கு இனிஷியலோடு சரி. அப்பா பேரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும். தாத்தா அதில் கிடையாது. கொள்ளுத்தாத்தா பேரை யாராவது கேட்டால் நான் ஊருக்கு போன் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அயர்லாந்து, ஸ்காட்லாந்துக்காரர்கள் விஷயம் வேறு. ‘மெக்’ என்றால் மகன். ‘ஓ’ என்றால் பேரன், வழிவந்தவன். ஓ'பிரையன் என்று ஒருவர் கை குலுக்கினால், 1014-ல் செத்துப்போன பிரையன் போரு ராஜா வரைக்கும் சொந்தம் கொண்டாடலாம்.

அப்படி ஒரு ‘ஓ’ நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில் இருந்தார். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர். ரிடையராக இரண்டு வருஷம் பாக்கி. அயர்லாந்திலிருந்து பட்டாளத்தில் வந்த முப்பாட்டனைத் தேடிக்கொண்டிருந்தார். அதே குடும்பப் பேரில் அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில் யார் இருந்தாலும் லஞ்ச் நேரத்தில் ஒரு ஈ-மெயில் தட்டுவார். ‘‘பேர் ஒண்ணாயிருக்கேப்பா, சொந்தமாத்தான் இருக்கணும்!’’

பி.காம். படித்தவனுக்கு இங்கேதான் உறுத்தும். இரண்டு லெட்ஜரில் ஒரே பேர் இருந்தால் அது ஒரே பார்ட்டி ஆகிவிடுமா?

போதாக்குறைக்கு அயர்லாந்தின் லெட்ஜரே பாதி இல்லை. 1922-ல் உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த ஜனத்தொகைக் கணக்கு பெரும்பாலும் சாம்பல். அதற்கடுத்த நாலு கணக்கையும் சர்க்காரே அழித்துவிட்டது. முழுசாக மிஞ்சியதில் பழசு 1901-தான். அதற்கு முன்னால் பேரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

துழாவினால் என்ன ஆகும் என்பதற்கு ஆன்னி மூர் சாட்சி. அயர்லாந்தில் கார்க் பக்கத்துப் பெண். வயது 17. 1892 ஜனவரி 1-ந் தேதி நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் குடியேற்ற நிலையம் திறந்தபோது, இரண்டு தம்பிகளோடு முதல் ஆளாக உள்ளே போனவள். பத்து டாலர் தங்கக் காசு பரிசு கொடுத்தார்கள். பிறகு டெக்ஸாஸ் போய்க் கல்யாணம் பண்ணி, 1923-ல் டிராம் மோதிச் செத்தாள் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். அந்தக் குடும்பத்தை அழைத்து விழாக்களில் கௌரவித்தார்கள்.

மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆராய்ச்சியாளர் பழைய கணக்குகளைப் புரட்டினார். டெக்ஸாஸ் ஆன்னி மூர் பிறந்ததே அமெரிக்காவில், இல்லினாயில்! (இந்த மேகன் கட்டிக்கொண்டவரும் ஒரு ஸ்மோலென்யாக். டி.என்.ஏ. பார்த்ததில் சொந்தமில்லை என்று வந்தது. நல்ல வேளை.)

நிஜ ஆன்னிக்கு ஆயிரம் டாலர் பரிசு அறிவித்தார் மேகன். 2006-ல் தம்பி பிலிப்பின் குடியுரிமைப் பத்திரம் அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் நியூயார்க்கிலேயேதான் இருந்திருக்கிறாள். மீன் மார்க்கெட்டில் வேலை பார்த்த ஜெர்மன் வம்சத்துப் பையனைக் கட்டிக்கொண்டு ‘ஷேயர்’ ஆகிவிட்டாள். மூர் என்று தேடியவர்கள் கண்ணில் எப்படிப் படுவாள்? குறைந்தது பதினோரு குழந்தைகள். பெரியவர்களானது ஐந்து. ஐம்பது வயதில், 1924-ல் போய்ச் சேர்ந்தாள். சமாதிக்கு ஒரு கல்கூட இல்லை. 2008-ல்தான் வைத்தார்கள்.

இதை நம் ‘ஓ’விடம் சொன்னேன். பேசாமல் டிராயரைத் திறந்து, தான் வரைந்த வம்சப் படத்தை எடுத்து மேஜையில் விரித்தார். நாலு தலைமுறை. ஆண்கள் பேரெல்லாம் சிவப்பு மையில். மனைவிகள் இடத்தில் வெறும் கோடு.

‘‘எங்கம்மாவோட குடும்பப் பேர் தெரியும். அவங்கம்மாது...’’ என்று இழுத்தார்.

‘‘சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்குமே சார். மதராஸ் மாகாணத்துப் பதிவுகளின் நகல் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியிலும் இருக்கு’’ என்றேன்.

முப்பாட்டனுக்காக ஒருநாளும் லீவு எடுக்காதவர், அந்த வாரமே பாட்டிக்காக அரை நாள் லெட்டர் எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் ‘குடும்ப வேலை’ என்று போட்டிருந்தார்.