கோவில்பட்டி: 2 ரூபாய்ப் பெட்டிக்குள் ஒரு ஊர்

மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் நாற்கரச் சாலையில் சாத்தூரைத் தாண்டினால் இரு பக்கமும் கரிசல் காடு. மழை வந்தால் பருத்தி, கம்பு, உளுந்து. வராவிட்டால் வெடிப்பு விட்ட கறுப்பு மண்தான். அந்த மண்ணுக்கு நடுவே இருக்கிறது கோவில்பட்டி. பெயரைச் சொன்னதும் கடலைமிட்டாய் ஞாபகம் வரும். அதற்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால், சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிவது தீப்பெட்டியால்தான்.

1920-களில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பினார்கள். சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று அந்தத் தொழில் பரவியது. விவசாயத்தைக் கெடுத்த அதே வறண்ட காற்று, குச்சி காய்வதற்குக் கைகொடுத்தது! ஒரு காலத்தில் பிஞ்சுக் கைகளும் இங்கே கட்டை அடுக்கின. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. இன்று இந்தத் தொழிலைத் தாங்குபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

சிக்கல் விலையில் இருக்கிறது. 2007-ல் 1 ரூபாய் ஆன தீப்பெட்டி, 14 வருடங்கள் கழித்து 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, குச்சி எல்லாம் இடையில் பலமுறை விலை ஏறின. பெட்டிக்கு 25 பைசா கூட்டலாம் என்றால், அந்தக் காசே 2011-ல் செல்லாமல் போய்விட்டது. கூட்டினால் முழு ரூபாயாகக் கூட்ட வேண்டும். அதுவரை நஷ்டத்தைத் தாங்க வேண்டும். சிறிய ஆலைகள் திணறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்த அடி, லைட்டர். 10 ரூபாய் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துவிடுகிறது என்று 2022-ல் தமிழக அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. 2023 ஜூனில், 20 ரூபாய்க்கும் குறைவான சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஆனால், தடை ஒன்றே போதாது. பட்டன் திருகினால் பற்றிக்கொள்ளும் அடுப்புகள் சமையலறைக்கு வந்துவிட்டன. ஆலைக்குள்ளே, பலர் சேர்ந்து செய்த வேலையை இயந்திரம் தனியாகச் செய்கிறது. பெட்டி அடைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாக்கள், அந்தப் பிள்ளைகள் இதே வேலைக்கு வரவேண்டும் என்று விரும்புவதில்லை. அது நியாயமும்கூட. அப்படியென்றால், படித்து முடித்தவர்களுக்கு வேறு வேலை இந்த ஊரிலேயே வேண்டும். இல்லையென்றால் சென்னை பஸ்தான்.

பெட்டிக்கடையில் இரண்டு ரூபாய் நீட்டி வாங்குகிறோமே, அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஊர்ப் பெயர் இருக்கும். அடுத்த முறை வாங்கும்போது ஒரு தடவை படித்துப் பாருங்கள்.