இரைச்சலும் எர்த்தும்

பனியன் ஆலைகளின் ஓசைக்குப் பழகிய திருப்பூர்வாசிகளாகிய எங்களுக்கும், திருப்பலி வேளையில் பாடகர் குழுவின் பழைய வால்வு ஆம்பிளிஃபயர் எழுப்பிய ரீங்காரம் பொறுக்கவில்லை. யாரோ கூறியபடி எர்த் கம்பியைத் துண்டித்தோம், இரைச்சல் அடங்கியது. மகிழ்ந்தோம்.

ஒத்திகை நாளில் அப்பெட்டியைத் தனியே இயக்கினோம். கழுவிய தரையில் வெறுங்காலுடன் நின்று கிதாரைத் தொட்ட தம்பி துடித்து விழுந்தான். இறையருளால் பிழைத்தான்.

மின்பணியாளர் வந்து விளக்கினார். ஆம்பிளிஃபயரும் மைக்செட்டும் வெவ்வேறு பிளக்குகளில் இருந்தன. இடையே ஓர் இணைப்பு வயர். இரு எர்த்துகளும் அதனால் வளையமாகி, 50 சுழற்சி மின்சாரம் அதில் ஓடி இரைந்தது. பெட்டிக்குள் கசிந்த மின்சாரத்துக்கோ எர்த் ஒன்றே வடிகால். அதைத்தான் நாங்கள் வெட்டியிருந்தோம்! கசிவை நீக்கி, எர்த்தை மீண்டும் பொருத்தி, இரண்டையும் ஒரே பிளக் பலகையில் இணைத்தார். ரீங்காரம் ஓய்ந்தது.

அன்பர்களே, காதின் இனிமைக்காகக் காவலைத் துண்டிக்கலாகாது.