தையில் மல்லி கேட்காதீர்கள்

கல்யாணத்துக்கு நாள் குறிக்க ஜோசியரிடம் போகிறோம். மண்டபத்துக்குப் போன் போடுகிறோம். சமையல்காரருக்கு அந்தத் தேதி தோதுப்படுமா என்று விசாரிக்கிறோம். பூச்செடியை மட்டும் யாரும் கேட்பதில்லை. "பூவுக்கென்ன, காசு கொடுத்தால் கிடைக்கும்" என்று விட்டுவிடுகிறோம். கிடைக்கும்தான். எந்த லட்சணத்தில் கிடைக்கும் என்பது மார்க்கெட்டுக்குப் போகிறவனுக்குத்தான் தெரியும்.

மார்கழி கழிந்து தை பிறந்ததும் மண்டபங்கள் நிரம்பி வழிகின்றன. குண்டுமல்லிச் செடிக்கோ அது ஓய்வுக் காலம். கார்த்திகை வாக்கில் கவாத்து பண்ணியிருப்பார்கள். துளிர்த்து மொட்டுக் கட்டி வர மாசி, பங்குனி ஆகிவிடும். கவாத்துக்குத் தப்பிய செடியிலும் பனி விழுந்து மொட்டு சிறுத்துப்போகும். வரத்து இப்படி இருக்க, பெரிய முகூர்த்தத்துக்கு முதல் நாள் மதுரை மாட்டுத்தாவணியில் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டுவது உண்டு. அதே மல்லி கோடையில் சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிடும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கும் பனி பனிதான்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பூ வாங்குவது ரொம்ப நாளாக என் வேலை. ஒரு தை மாதம், விலையைக் கேட்டு நான் விழித்தபோது பூக்கார அம்மா ஒரு கை மல்லியை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். மிளகுப் பருமன், பாதி மொட்டு முற்றாத பச்சை. "தம்பி, இதுக்கா இம்புட்டு காசைக் கொட்டப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த கூடையின் ஈரத் துணியை விலக்கினார். காக்கரட்டான், வெள்ளை வெளேரென்று. "இதைக் கட்டுங்க, பொண்ணு தலை நெறையும். வாசத்துக்கு ஊடால மரிக்கொழுந்து வச்சுக் கட்டிருவோம்." காக்கரட்டானில் வாசம் கிடையாது என்று மதினி முகத்தைச் சுளித்தார். மரிக்கொழுந்து அந்தக் குறையைத் தீர்த்தது. போட்டோவில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தவர் எவருமில்லை.

தைக்கென்று பார்த்தால் செவ்வந்தி இருக்கிறது. பகல் குறுகினால்தான் அது மொட்டு விடும். அதனால் பனிக்காலத்தில் நல்ல செழிப்பு. சாமிக்குப் போடுகிற பூ என்று கல்யாண மாலையில் அதை ஒதுக்குகிறார்கள். சம்பங்கியோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தவர்கள் ஒதுக்கமாட்டார்கள்.

மல்லி இல்லாமல் கல்யாணமா என்கிற பிடிவாதம் அவ்வளவு பழையதாக எனக்குத் தோன்றவில்லை. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் நடக்கிறது. பந்தல் போட்டு மணல் பரப்பி, உளுந்து போட்டுப் பொங்கி, பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் மணப்பெண்ணை நீராட்டுகிறார்கள். நீரோடு சொரிந்த பூவும் நெல்லும் கூந்தலில் ஒட்டிக்கிடக்கின்றன. இன்ன பூ என்று பாட்டைப் பாடிய நல்லாவூர் கிழார் பெயர் சொல்லவில்லை. அன்றைக்குப் பூத்த பூவாக இருக்கும் என்று நானாக வைத்துக்கொள்கிறேன்.

ஆவணிக் கல்யாணத்தில் வேறு வம்பு. ஓணத்துக்குக் கேரளத்தார் தோவாளைச் சந்தையை அள்ளிக்கொண்டு போவார்கள். பிள்ளையார் சதுர்த்தியும் பக்கத்திலேயே வரும். ஐப்பசியில் மழை. நனைந்த பூவைத் தராசில் போட்டால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு. உதறிவிட்டு நிறுக்கச் சொல்லத் தயங்கக் கூடாது. ரோஜா அழுகுகிறதா என்று மாலையைத் திருப்பி, நார்ப் பக்கம் பார்க்க வேண்டும்.

மாதத்தைப் போலவே மணிக்கணக்கும் உண்டு. மல்லியை விடியுமுன் மொட்டாகப் பறிக்கிறார்கள். அன்று சாயங்காலம் அது விரியும். மாலை வரவேற்புக்கு அன்று காலைப் பூ வாங்கினால், பெண் மேடையில் நிற்கும்போதே தலையில் மலரும். அந்த வாசத்துக்கு எந்த சென்ட்டும் பக்கத்தில் வராது. ஆனால் விடிகாலை முகூர்த்தத்துக்கு முதல்நாள் பூதான் கதி. இரவிலேயே விரிந்து, தாலி கட்டும் நேரத்தில் சோர்ந்திருக்கும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அடக்கலாம். கனகாம்பரத்தை இடையிட்டுக் கட்டினால் மல்லி வாடினாலும் நிறமாவது நிற்கும்.

மேடை அலங்காரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓசூர்ப் பசுமைக்குடில்களிலிருந்து ரோஜாவும் ஜெர்பராவும் வருஷம் முழுக்க வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பூக்களுக்கு மாதம் தெரியாது. வாசமும் அவ்வளவாகத் தெரியாது. பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அது போதும். தலைக்கும் கழுத்துக்கும்தான் பருவம் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பெண் மல்லிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால், வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். பூ மலிவு. மண்டபத்தில் ஏசி வேலை செய்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.