கவசத்துக்கு ஒரு முனையில் மட்டும் நிலம்

தமிழாசிரியன் ஒருவன் விமானத்தின் மின்கம்பிகளைப் பற்றி எழுதப் புகுந்தால் நகைப்போரும் உளராகலாம். ஆயினும், ஒலியைப் பிழையற ஒலிக்கவும் பிழையறக் கேட்கவும் பயிற்றுவதே மொழியாசிரியனின் முதற்கடன். ஆதலின், ஒலியைக் கெடுக்கும் இரைச்சல் எவ்வழியாகப் புகுகின்றது, அதனை எவ்வாறு தடுப்பது என்னும் ஆராய்ச்சி எனக்கு முற்றிலும் புறம்பானதன்று.

என்னோடு இக்கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பர் ஒருவர் இன்று கனடாவில் வாழ்கின்றார். இருவர் அமரக்கூடிய அலுமினிய விமானம் ஒன்றைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டி முடித்துள்ளார். வீட்டில் விமானம் கட்டுவது வட அமெரிக்காவில் புதுமையன்று. 1953 இல் போல் பொபரெஸ்னி என்பார் மில்வாக்கி நகரில் இத்தகையோருக்கென ஒரு சங்கமே நிறுவினார். விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டுவோரே ஆக்கியிருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஆகவே கம்பியிடும் பணியும், அதிலுள்ள இடர்களும் பெரும்பாலும் அவர்கள் தலையிலேயே விழுகின்றன.

நண்பர் முதன்முறை எஞ்சினைத் தரையில் இயக்கித் தலையில் கேட்கருவியை மாட்டியபோது, மெல்லிய ஊளையொலி ஒன்று கேட்டதாம். எஞ்சின் விரைந்தால் அது உயர்ந்தது; தணிந்தால் தாழ்ந்தது. 1990 களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமற்றிருந்த காலத்தை அறிந்தோர்க்கு இவ்வோசை புதிதன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்டோமல்லவா? சுழற்சிக்கேற்பச் செய்தியோடு ஓர் இரைச்சலும் ஏறி இறங்கும். “நம் பழைய சைக்கிள் கடல் கடந்து வந்து என் விமானத்துக்குள் ஏறிவிட்டது” என்று தொலைபேசியில் நகைத்தார் நண்பர்.

நகைப்புக்கு அப்பாற்பட்ட செய்தி இது. 1977 மார்ச் 27 ஆம் நாள் தெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரு பெருவிமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். அவ்விபத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, ஒரே அலைவரிசையில் இரு குரல்கள் ஒருங்கே எழுந்தமையால், உயிர்காத்திருக்கக்கூடிய சொற்கள் வெறும் கீச்சொலியாய்ப் போனமை. அங்கே குற்றம் கம்பியில் இல்லை. எனினும் சொல் இரைச்சலில் மறையின் என்ன நேரும் என்பதற்கு அதனிலும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இனி, ஊளையின் காரணத்தைக் காண்போம். ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்குறிப்பு மிக மெலிந்தது. ஆதலின் அதன் கம்பிகளைச் செப்பிழைப் பின்னலாலான கவசத்துள் இடுவர். அயலிலுள்ள மின்னிரைச்சலைக் கவசம் ஏற்று நிலத்துக்கு விடுகின்றது. விமானத்தில் ‘நிலம்’ என்பது மண்ணன்று. மின்கலத்தின் எதிர்முனையும் அதனோடு இணைந்த உலோக உடலுமே ஆகும்.

ஒரு முனையில் நிலம் தொடுப்பது நன்றெனின், இரு முனையிலும் தொடுப்பது இன்னும் நன்றன்றோ எனத் தோன்றும். அங்கேதான் இடர். விளக்குகளுக்கும் கருவிகளுக்கும் செல்லும் மின்னோட்டம் அவ்வுடலின் வழியே திரும்புவதால், உடலின் ஓரிடமும் மற்றோரிடமும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. வேறுபாடு மிகச் சிறிது. ஆயின் ஒலிவாங்கியின் குரலும் மிகச் சிறிதே. இரு முனையும் தொடுக்கப்படின் கவசமே மின்னோட்டத்துக்கு வழியாகி, அவ்விரைச்சலைக் குரலோடு கலந்துவிடும். காவலாளி சுமைகூலி ஆகின்றான்.

ஆகவே விதி இது: குரலின் திரும்புவழிக்குக் கவசத்துள்ளேயே தனிக்கம்பி இருத்தல் வேண்டும். கவசத்தை ஒலிக்கருவியின் பக்கம் மட்டும் நிலத்தோடு இணைத்து, மறுமுனையை வெட்டிக் காப்புறையால் மூடிவிடல் வேண்டும். செருகியை ஏற்கும் குழியும் விமான உடலைத் தொடாதவாறு காப்பு வளையங்களின்மேல் அமர்தல் வேண்டும். நண்பரின் விமானத்திற் பயணியின் பக்கத்துக் குழியில் ஒரு வளையம் வெடித்திருந்தது. ஒலிக்கருவியிலிருந்து கம்பிகளைக் கழற்றிவிட்டு, குழிக்கும் உடலுக்கும் இடையே மீற்றரை வைத்தபோது, இணைப்பே இருத்தலாகாத இடத்தில் இணைப்பு இருந்தது. புது வளையம் இட்டதும் ஊளை அடங்கிற்று. இவ்விதி ஒலிக்கம்பிக்கே உரியது; வானொலியின் அன்ரெனாக் கம்பிக்கு இரு முனையிலும் கவசத்தைத் தொடுப்பதே முறை.

எம் மண்டபங்களிற் கேட்கும் ரீங்காரமும் இதன் உடன்பிறப்பே. ஒலிக்கலவைக் கருவி ஒரு சுவரிலும் விரியலாக்கி மறு சுவரிலும் மின் பெற்றால், இரு நிலத்தொடுப்புகளுக்கிடையே வளையம் உண்டாகி, 50 சுற்று மின்சாரம் ஒலிபெருக்கியில் முனகும். இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து மின் கொடுத்தால் அது பெரும்பாலும் தணியும். ஆனால், முனகலை நிறுத்த மூன்றுமுனைச் செருகியின் நிலக்கம்பியையே வெட்டிவிடுவாரும் உளர். மாணவர்காள், இதனை ஒருபோதும் செய்யற்க! ஒலிக்கம்பியின் கவசம் குரலைக் காப்பது. செருகியின் நிலக்கம்பி உயிரைக் காப்பது. 1972 இல் சுவான்சி நகர மேடையிலே, இசைஞர் லெஸ்லி ஹார்வி நிலத்தொடுப்புச் சீர்கெட்ட ஒலிவாங்கியைத் தொட்டு உயிர் நீத்தார்.

விழா நாட்களில் எம் மேடையில் ஏறும் சிறுவன் லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பல நாள் பயின்று வருகின்றான். கடைசி வாங்கில் இருப்பவர் செவியிலும் அவன் ழகரம் ழகரமாகவே சென்று சேர்தல் வேண்டும். அதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. கம்பியின் இரு முனைகளையும் பொறுமையோடு நோக்கும் ஒரு மாணவன் போதும்.