ஆளுக்கொரு வாக்கு, காசுக்கொரு சீட்டு

ஊரில உள்ள சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில எங்கள் எல்லாருக்கும் சின்ன வயசிலேயே ஒரு சேமிப்புப் புத்தகம் இருந்தது. கூட்டுறவாளர் தினத்துக்கு அங்கத்தவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைப்பினம். தலைப்பு வருசாவருசம் 'சிக்கனம்'தான். பரிசு கொப்பியும் கொம்பாஸ் பெட்டியும்.

இப்ப கம்பஸ் லீவில வந்து பாத்தால் போட்டி பெரியாக்களுக்கு மாறியிருக்கு. ஆயிரம் ரூபா வைப்புக்கு ஒரு குலுக்கல் சீட்டு. முதல் பரிசு வோஷிங் மெஷின். (தண்ணி பவுசரில வாற ஊருக்கு வோஷிங் மெஷின்! அது கிடக்கட்டும்.)

குலுக்கலே கூடாது எண்டு நாங்கள் சொல்லேல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கடன் சங்கங்கள் சில சேர்ந்து 2009 இல் 'சேவ் டு வின்' என்று ஒன்றைத் தொடங்கின. 25 டொலர் வைப்புக்கு ஒரு சீட்டு, பெரும்பரிசு ஒரு லட்சம் டொலர். லொத்தர் விழாட்டிக் காசு போச்சு. இதில பரிசு விழாட்டியும் போட்ட காசு புத்தகத்தில கிடக்கும். ஆனால் அங்கே ஒருவருக்கு மாதம் பத்துச் சீட்டுத்தான். எங்கட சங்கத்தில அப்பிடி ஒரு எல்லையும் இல்லை.

எங்கட ஒழுங்கையில இடியப்பம் அவிச்சு விக்கிற அக்கா கிழமைக்கு 200 ரூபா போடுறா. ஒரு சீட்டுக்கு அவவுக்கு அஞ்சு கிழமை வேணும். வெளிநாட்டுக் காசு வாற வீடு ஒரே நாளில மூண்டு லட்சம் போட்டு 300 சீட்டோட போகுது. அக்கா கூரை திருத்த எடுத்த கடனுக்கு மாதாமாதம் வட்டியும் கட்டுறா. சங்கத்தின்ர லாபம் அந்த வட்டியிலதான் வருது, பரிசு வாங்கிறது அந்த லாபத்திலதான். பங்கு எத்தனை வைச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை. குலுக்கல் பெட்டிக்குள்ள மட்டும் அது ஏன் மாறுது?

முகாமையாளரிட்டக் கேட்டம். "பெரிய வைப்பு வராட்டி உங்கட அம்மாமாருக்கு எங்கயிருந்து பிள்ளையள் கடன் குடுக்கிறது?" எண்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய வைப்புக்கு வட்டி ஏற்கெனவே கிடைக்குது. பரிசு, 200 ரூபாவையும் தவறாமல் கொண்டு வாற ஆளை இழுத்துப் பிடிக்கத்தானே வேணும்?

பொதுச்சபைக் கூட்டம் அடுத்த மாதம். எங்களில் மூண்டு பேர் இப்ப அங்கத்தவர். ஆளுக்கு மாதம் பத்துச் சீட்டு, ஒரு கிழமையும் விடாமல் சேமிச்சவைக்குத் தொகை பாராமல் தனிக் குலுக்கல் எண்டு பிரேரணை எழுதியிருக்கிறம். வழிமொழிய அக்காவைக் கேட்டம். கையைத் துடைச்சுப்போட்டு, "முதல்ல வாசிச்சுக் காட்டுங்கோ" எண்டா.