எங்க வீட்டு ரெண்டடிக் கடல்!

வெறும் தண்ணியை 42 நாள் முறைச்சுப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்த ஆளை நீங்க பார்த்திருக்கீங்களா? ஹலோ பாஸ்... அது நான்தான்!

கெமிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு கையில 9,000 ரூபாய் இருந்துச்சு. ஃப்ரெண்ட்ஸெல்லாம் ‘புது போன் வாங்கு’, ‘பாண்டிச்சேரி ட்ரிப் போலாம்’னு ஐடியா கொடுத்தாங்க. எனக்கோ ஸ்கூல் நாள்லேர்ந்து ஒரே ஆசை. 2003-ல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’வை டி.வி-யில் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கே கிடையாது. அந்த ஆரஞ்சு-வெள்ளைக் கோடு மீன் எங்க வீட்டு ஹால்ல நீந்தணும். அதுக்குக் கடல்தண்ணித் தொட்டி வேணும்.

வீட்ல சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “கோல்டு ஃபிஷ் ஆகாதா உனக்கு?” தம்பி கேட்டது, “சுறா விடலாமா?” தாத்தா மட்டும் எதுவும் கேக்கலை. பேப்பரை மடிச்சு வெச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

தாத்தாவைப் பத்திச் சொல்லியே ஆகணும். அம்மாவோட அப்பா. தூத்துக்குடியில் சங்கு குளிச்சவர். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கடலுக்குள்ள இறங்கி, தரையில கிடக்குற சங்கைப் பொறுக்கிட்டு மேல வர்ற வேலை. பாட்டி போனதுக்கப்புறம் சென்னையில எங்களோட இருக்கார். மூணாவது மாடி ஃபிளாட். பால்கனியிலேர்ந்து எட்டிப் பார்த்தா எதிர் ஃபிளாட்டோட பால்கனிதான் தெரியும். மனுஷன் டி.வி-யில் வானிலை அறிக்கை மட்டும் விடாம பார்ப்பார். அதுவும் ‘மன்னார் வளைகுடா’ன்னு ஒரு வார்த்தை வந்துட்டா வால்யூமைக் கூட்டுவார்.

“மெரினாவுல போயி ரெண்டு குடம் மொண்டுட்டு வந்துரலாமே”ன்னு அம்மா சொன்னப்ப, தாத்தா சிரிச்ச சிரிப்பு இருக்கே... “கூவம் வந்து விழுற தண்ணியிலயா? மீனு செத்து மிதக்கும்!” அது சரிதான். ஊர்ச் சாக்கடை கலக்குற கரைத்தண்ணியை நம்ப முடியாது. மழைக்காலம் வந்தா கரையோரத்துல உப்பும் குறையும். அதனால கடையில ‘மரைன் சால்ட்’ வாங்கி நாமளே கலக்கிக்கிறதுதான் வழி. கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல ஆச்சுன்னு சொன்னதும் தாத்தா நெஞ்சுல கை வெச்சுட்டார்.

“ஏட்டி, தூத்துக்குடிக்காரன் பேத்தி உப்பைக் கிலோ இருநூறுன்னு வாங்கினியா? ஊருல சொல்லிராத!”

சமையல் உப்பு ஏன் சரிப்படாதுன்னு நான் பாடம் எடுக்க ஆரம்பிச்சேன். கடல்தண்ணியில சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், பைகார்பனேட்னு ஒரு பட்டாளமே இருக்குன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவரே முடிச்சுட்டார். “அதான் தெரியுமே. உப்பளத்துல உப்பு வாரினப்புறம் ஒரு தண்ணி மிச்சம் நிக்கும்லா... நாக்குல வெச்சா கசக்கும். அதுல இருக்கு நீ சொல்ற சாமானெல்லாம்!” அந்தக் கசப்பு மெக்னீசியம் கசப்பு. கால்சியம் அதுக்கும் முன்னாடியே ஜிப்சமா படிஞ்சுடும். நான் செமஸ்டருக்கு முந்தின நாள் மனப்பாடம் பண்ணினதை அவர் நாக்குலயே வெச்சிருக்கார்.

ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்துல கண்ணாடித் தொட்டி. கல்லுக்கும் மேல் விளிம்புக்கும் இடம் விட்டா 45 லிட்டர் தண்ணி பிடிக்கும். சின்னத் தொட்டிதான் ஈஸின்னு நினைக்காதீங்க மக்களே! தண்ணி கம்மியா இருந்தா ஒரு சின்னத் தப்புகூட உடனே பெரிசாயிடும். இதைத் தெரிஞ்சுக்க நான் கொடுத்த விலையைப் பின்னாடி சொல்றேன்.

அடுத்தது கல்லு. கடல் தொட்டிக்குக் கல்லுங்கிறது அழகுக்கு மட்டும் இல்லை. தண்ணியைச் சுத்தம் பண்ற பாக்டீரியா குடியிருக்குற அப்பார்ட்மென்ட் அது. ஒரு கடையில கேட்டேன். அந்த அண்ணன் அக்கம்பக்கம் பார்த்துட்டு, உள் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனார். ஈரச் சாக்கை விலக்கினா... ஊதாவும் பச்சையுமா ஒரு பவளப்பாறைத் துண்டு! “மண்டபம் பக்கத்துலேர்ந்து வந்தது. உசுரோட இருக்கு. வெளியில சொல்லாதீங்க தங்கச்சி.” எனக்குக் கண்ணு விரிஞ்சிடுச்சு. அங்கேயே 500 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து தாத்தாகிட்ட காட்டினேன். உங்க ஊர்க் கடல் நம்ம வீட்டுக்கு வரப்போகுது, சந்தோஷப்படுவார்னு நினைச்சேன்.

தாத்தா போனைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

“இந்தக் கல்லை நானும் வெட்டியிருக்கேன்ட்டி.”

சங்கு சீஸன் இல்லாத மாசங்கள்ல வேற வேலை கிடைக்காதாம். கல்லெடுக்கப் போற வள்ளத்துல கூலிக்குப் போவாராம். கடப்பாரையால பவளப்பாறையைப் பேர்த்து, படகு நிறைய ஏத்திக் கரைக்குக் கொண்டுவந்தா, அது நேரா சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும். “மேல ஏத்தும்போது கலர் கலரா இருக்கும். கரைக்கு வர்றதுக்குள்ள ஒரு வாடை அடிக்கும் பாரு... பொணவாடை. கல்லுக்கு எப்படிடா வாடை வரும்னு அப்ப யோசிக்கல. வயித்துப்பாடு.”

நான் அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். தூத்துக்குடியிலேர்ந்து பாம்பன் பக்கம் வரைக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்துச்சு. 1986-ல் அதைக் கடல் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. பாறையை வெட்டி வெட்டி, அலையைத் தடுக்க ஆளில்லாம பூவரசன்பட்டி, விலங்குசல்லின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ளயே போயிடுச்சு. 2001-ல் பவளப்பாறைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாங்க. புலி இருக்குற அதே அட்டவணை! நான் கொடுத்த அட்வான்ஸ் கிட்டத்தட்ட புலிக்குட்டிக்குக் கொடுத்த அட்வான்ஸ்.

காலையில தாத்தாகிட்ட “பூவரசன்பட்டி...”ன்னு ஆரம்பிச்சேன். “தெரியும்”னு மட்டும் சொன்னார். அந்த 500 ரூபாயைக் கேட்டு வாங்க நான் போகவே இல்லை. செயற்கையா செஞ்ச செராமிக் கல்லை வாங்கி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினேன். பார்க்க சுமார்தான். ஆனா தாத்தா ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதைக் கலைச்சுத் திரும்ப அடுக்கினார். “மீனு ஒளிய இடம் வேணும். இங்க ஒரு பொடவு விடு”ன்னு அவர் சொன்னப்ப, கடலுக்கு அடியில பார்த்த ஏதோ ஒரு இடத்தை ஞாபகத்துலேர்ந்து கட்டுறார்னு தோணுச்சு. நான் கேக்கலை.

தண்ணிக்கு எங்க வீட்டு ஆர்.ஓ.வை நம்பினேன். அளந்து பார்த்தா டி.டி.எஸ். 90 காட்டுது. விஷயம் என்னன்னா, வீட்டு மெஷின் பலதுலயும் ருசிக்காகச் சாதா தண்ணியைக் கொஞ்சம் கலந்து விட ஒரு திருகு இருக்கும். அதை மூடினப்புறம்தான் எண்ணிக்கை இறங்குச்சு. பக்கெட்ல உப்பைக் கொட்டி, சின்ன மோட்டார் போட்டு ராத்திரி முழுக்கக் கலக்கினேன். காலையில தாத்தா விரலை விட்டு நாக்குல வெச்சார். “சப்புன்னு இருக்கு.” நான் நம்பலை. ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்... 1.021. வேண்டியது 1.025! ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க் கருவி எங்க வீட்டுக்கு வேஸ்ட்.

அப்புறம் ஆரம்பிச்சது அந்த 42 நாள். புதுத் தொட்டியில உடனே மீன் விடக் கூடாது. மீனோட கழிவுலேர்ந்து வர்ற அமோனியா விஷம். அதை ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டா மாத்தும். இந்த ரெண்டு கூட்டமும் கல்லுல குடியேற நாலு, ஆறு வாரம்னு ஆகும். அதுங்களுக்குச் சாப்பாடா, அம்மா வறுவலுக்கு வாங்கி வெச்ச இறால்ல ஒண்ணைச் சுட்டுத் தொட்டியில போட்டேன். நாலாவது நாள் ஹாலுக்கு வந்த சொந்தக்காரங்க மூக்கைப் பொத்திக்கிட்டே காபி குடிச்சாங்க.

இங்கதான் நான் சொதப்பினேன். பதினோராவது நாள், வேற ஒரு கடையில “இந்த பாட்டிலை ஊத்துங்க, இன்னிக்கே மீன் விடலாம்”னு சொன்னாங்க. நான் பாட்டிலையும் வாங்கினேன். கவர்ல ஒரே ஒரு க்ளவுன் மீனையும் வாங்கினேன். டெஸ்ட் கிட்ல அமோனியா இன்னும் பச்சையாத்தான் இருந்துச்சு. ‘பாட்டில் பார்த்துக்கும்’னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கடல்தண்ணியோட பி.ஹெச். 8.2 பக்கம் இருக்கும். அந்தக் காரத்தன்மையில அமோனியாவோட விஷம் கூடும்ங்கிறது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன்!

ரெண்டாவது ராத்திரி அது மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சு. பக்கெட்ல புதுத் தண்ணி கலக்கித் தயாரா வெச்சிருந்தா மாத்தியிருக்கலாம். வெச்சிருக்கலை. விடியறதுக்குள்ள கல்லுக்குப் பக்கத்துல சாய்ஞ்சு கிடந்துச்சு. என் சுண்டு விரல்ல பாதி இருக்கும். தம்பி எழுந்து வந்து “தூங்குதா?”ன்னு கேட்டப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு. தாத்தா ஒரு வார்த்தை திட்டலை. செம்பருத்தித் தொட்டியில குழி தோண்டினார். “அவசரத்துல கடலுக்கு இறங்கினவன் எவனும்...”னு ஆரம்பிச்சு, என் மூஞ்சியைப் பார்த்துட்டு நிறுத்திக்கிட்டார்.

அதுக்கப்புறம் காத்திருந்தேன். தினமும் சாயங்காலம் டெஸ்ட் ட்யூப், சொட்டு மருந்து, கலர் சார்ட். அமோனியா இறங்குச்சு, நைட்ரைட் ஏறுச்சு, அதுவும் இறங்குச்சு. 42-வது நாள் ரெண்டுமே சைபர். கொளத்தூர் கடைகள்ல அலைஞ்சு, “குஞ்சு பொரிப்பகத்து மீன்தானே? கடல்ல பிடிச்சது இல்லையே?”ன்னு பத்துத் தடவை கேட்டு, ரெண்டு க்ளவுன் குஞ்சு வாங்கினேன். இந்த மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைக்கிறதை நம்ம மண்டபத்துலயும் பரங்கிப்பேட்டையிலயும் இருக்குற ஆராய்ச்சி நிலையங்கள்லயே சாதிச்சிருக்காங்க. அப்புறம் எதுக்குங்க கடல்ல போய்ப் பிடிக்கணும்?

ஒரு சைடு மேட்டர். க்ளவுன் மீன் பிறக்கும்போது எல்லாமே பையன்ஸ்தான். ஜோடியில பெரிசா வளர்றது பொண்ணா மாறிடும். பொண்ணு செத்துட்டா, மிச்சமிருக்கிற பையன் பொண்ணாயிடும். அந்தக் கணக்குப்படி நீமோவோட அம்மா செத்ததும் அப்பாதான் அம்மாவா மாறியிருக்கணும். இதைச் சொன்னதுக்குத் தம்பி ரெண்டு நாள் என்கூடப் பேசலை.

தினமும் தண்ணி ஆவியாகும். உப்பு ஆவியாகாது. அதனால குறையுற அளவுக்கு உப்பில்லாத தண்ணியைத்தான் ஊத்தணும். இது மெட்டீரியல் பேலன்ஸ் கணக்கு. ரெண்டாவது வருஷம் எனக்கு அரியர் கொடுத்த அதே கணக்கு! தாத்தா அம்மாவோட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணை எடுத்துக் கண்ணாடியில தண்ணி மட்டத்துக்கு நேரா ஒட்டிட்டார். பொட்டுக்குக் கீழ போனா ஒரு டம்ளர். அரியரே இல்லை அவருக்கு.

மே மாசம் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டே ஹால்லயே தூங்கிட்டேன். புழுக்கத்துல முழிச்சுப் பார்த்தா ஒரே இருட்டு. கரன்ட் எப்பவோ போயிருக்கு. மோட்டார் ஓடலைன்னா தண்ணியில ஆக்ஸிஜன் கலக்காது, அதுவும் தண்ணி சூடா இருந்தா இன்னும் மோசம். பதறி எழுந்தா, சளக்... சளக்னு சத்தம். தாத்தா தொட்டி முன்னாடி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, செம்புல தண்ணியை மொண்டு, ஒரு முழம் மேலேர்ந்து திரும்ப ஊத்திக்கிட்டிருந்தார். பனியன் தொப்பலா நனைஞ்சிருந்துச்சு.

“எவ்ளோ நேரமா தாத்தா?”

“ஒண்ணரை மணி இருக்கும். உனக்குப் பரீட்சைல்லா, அதான் எழுப்பல.”

நான் செம்பை வாங்கிக்கிட்டேன். விடியற வரைக்கும் மாத்தி மாத்தி ஊத்தினோம். நாலரைக்குக் கரன்ட் வந்துச்சு. ரெண்டும் அந்தப் பொடவுக்குள்ள ஒட்டிக்கிட்டு நின்னுச்சுங்க. அடுத்த நாளே பேட்டரியில ஓடுற ஏர் பம்ப் வாங்கிட்டேன். சில்லர் வாங்கலாம்னு விலை கேட்டா, மொத்தத் தொட்டியை விட அதிகம் சொல்றாங்க. டேபிள் ஃபேனைத் தண்ணி மேல திருப்பி விட்டதுல ரெண்டு டிகிரி குறைஞ்சுது. அந்த வாரம் பொட்டுக்கு தினமும் ரெண்டு டம்ளர்.

இப்ப டி.வி-யில் வானிலை அறிக்கை ஓடினாலும் தாத்தா சேரைத் தொட்டிப் பக்கம் திருப்பித்தான் போட்டிருக்கார். நேத்து காலேஜுக்குக் கிளம்பி செருப்பு மாட்டும்போது கூப்பிட்டார்.

“ஏட்டி, அந்த மோட்டாரைக் கொஞ்சம் கூட்டு. இதுங்களுக்கு அலை பத்தல.”